நகர வளர்ச்சியும் எரிசக்திச் செலவும்

அங்கத்தினர் கல்விப் பாடம்

நகரங்கள் வளர்வதைப் பற்றிய ஆராய்ச்சி நெசவாளருக்கும் விவசாயிக்கும் எதற்கு என்று அங்கத்தினர்களில் சிலர் எண்ணக்கூடும். நகரத்தார் விளக்கேற்றினால் அதற்குரிய கட்டணத்தை அவர்களே செலுத்துகின்றனர். நமது தறிக்கும் கிணற்றுக்கும் அதனால் என்ன என்பது இயல்பாக எழும் வினாவே. ஆயினும் நூலின் விலையிலும், லாரி வாடகையிலும், மின்சாரம் வரும் நேரத்திலும், ஏரி நீரின் பங்கீட்டிலும் நகரத்தின் வளர்ச்சி நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. அது எவ்வெவ் வழிகளில் வருகிறது என்பதை அறிந்தால்தான், எதை வரவேற்பது, எதை எதிர்த்துப் பேசுவது, எதைச் சங்கத்தின் மூலம் மாற்றுவது என்று நாம் தெளிய முடியும். அதுவே இப்பாடத்தின் நோக்கம்.

1. வளர்ச்சியின் அளவு

1951-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 100 பேரில் 17 பேரே நகரங்களில் வாழ்ந்தனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் அத்தொகை 31 ஆயிற்று. தமிழ்நாட்டில் மாற்றம் இன்னும் விரைவானது: 1951-இல் 100-க்கு 24 பேராக இருந்த நகரவாசிகள் 2011-இல் 48 பேர் ஆயினர்.

இதே காலத்தில் மின்சக்தியின் செலவும் பெருகியது. நாடு விடுதலை அடைந்த 1947-இல் தலைக்கு ஆண்டொன்றுக்கு 16 யூனிட் அளவில் இருந்த மின்சாரச் செலவு, 2023-24-இல் ஏறத்தாழ 1,400 யூனிட்டாக உயர்ந்தது. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது.

இவ்வுயர்வு முழுவதையும் நகரத்தின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது, பம்பு செட்டுகள் பெருகின, ஆலைகள் தோன்றின, மக்களின் வருமானமும் ஓரளவு உயர்ந்தது. இவற்றினின்று நகர வளர்ச்சியின் பங்கைத் தனியே பிரித்துக் காண முடியுமா? டொனால்ட் ஜோன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், வளரும் நாடுகள் பலவற்றின் கணக்குகளை ஒப்பிட்டு 1991-இல் ஒரு முடிவை வெளியிட்டார். வருமானமும் தொழில் வளமும் மாறாமல் இருக்க, நகரவாசிகளின் விகிதம் மட்டும் 10 சதவிகிதம் உயர்ந்தால், தலைக்கு ஆகும் நவீன எரிசக்தியின் செலவு ஏறத்தாழ நாலரை சதவிகிதம் உயர்கிறது என்பதே அம்முடிவு. அதாவது, 100-க்கு 40 பேர் நகரில் வாழும் நாட்டில் அது 44 பேராக ஆனால், யாருடைய வருமானமும் கூடாமலேயே எரிசக்திச் செலவு கூடும். இது ஏன் என்பதை இனி ஒவ்வொன்றாக நோக்குவோம்.

2. அடுப்பில் மிச்சம்

முதலில் மிச்சத்தைச் சொல்லிவிடுவோம். கிராமத்து மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கோ அதைவிடச் சற்று மிகுதியாகவோதான் பானையைச் சேர்கிறது. எஞ்சியது புகையாகவும் காற்றாகவும் போய்விடுகிறது. எரிவாயு அடுப்பிலோ பாதிக்கு மேல் பாத்திரத்தைச் சேர்கிறது. 14.2 கிலோ எடையுள்ள ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் செய்ய, 150 முதல் 200 கிலோ வரை விறகு வேண்டும். ஆகவே விறகை விட்டு எரிவாயுவுக்கு மாறும் குடும்பம், உண்மையில் முன்னைவிடக் குறைந்த சக்தியையே செலவிடுகிறது. பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் வரும் நலம் இதற்கு மேற்பட்டது.

99 நாடுகளை ஒப்பிட்டு 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே காட்டியது. வறிய நாடுகளில் நகர வளர்ச்சி மொத்த எரிசக்திச் செலவைக் குறைக்கிறது. நடுத்தர நாடுகளிலும் செல்வ நாடுகளிலும் அதைக் கூட்டுகிறது. அடுப்பில் கிடைக்கும் மிச்சம் ஒரு முறை கிடைப்பது. அதற்குப் பின் வரும் செலவுகளோ ஆண்டுதோறும் வளர்பவை. மேலும் விறகு தோட்டத்தில் பொறுக்கியது. எரிவாயு காசு கொடுத்து வாங்குவது, பெரும்பகுதி கப்பலில் வருவது. சக்தி குறைந்தாலும் ரொக்கச் செலவு கூடுவதை நாம் மறத்தல் ஆகாது.

3. உணவு செல்லும் தூரம்

சிற்றூரில் காய் பறிப்பவரும் அதைச் சமைப்பவரும் ஒரே வாரச் சந்தையில் சந்திக்கின்றனர். நகரம் பெருகும்போது இவ்விருவருக்கும் இடையே உள்ள தூரம் நீளுகிறது. சென்னையின் காய்கறி மொத்த வியாபாரம் முன்பு ஜார்ஜ் டவுனில் உள்ள கொத்தவால் சாவடியில் நடந்தது. அவ்விடம் போதாமற்போகவே, 1996-இல் கோயம்பேட்டில் புதிய அங்காடி திறக்கப்பட்டது. ஒட்டன்சத்திரத்து முருங்கைக்காய் அந்த அங்காடியை அடைய 400 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். அங்கிருந்து சில்லறைக் கடைக்குச் செல்லுவது இன்னொரு வண்டி. கடையிலிருந்து வீட்டுக்குச் செல்லுவது இன்னொரு வண்டி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 டன் ஏற்றிய லாரி ஒரு லிட்டர் டீசலுக்கு 4 கிலோமீட்டர் ஓடுகிறது என வைத்துக்கொண்டால், 400 கிலோமீட்டருக்கு 100 லிட்டர் ஆகும். டன் ஒன்றுக்கு 10 லிட்டர். அதே சரக்கை ஒன்றரை டன் ஏற்றும் சிறு வண்டியில், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்ற கணக்கில் அனுப்பினால், 40 லிட்டர் ஆகும். டன் ஒன்றுக்கு ஏறத்தாழ 27 லிட்டர். வண்டி வெறுமையாகத் திரும்புமானால் செலவு இன்னும் ஏறும். இச்செலவை நுகர்வோர் மட்டும் தருவதில்லை. கோயம்பேட்டு விலையிலிருந்து வாடகையும் கமிஷனும் கழிந்த பின்னரே விவசாயியின் கைக்குப் பணம் வருகிறது. டீசல் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் நிலத்தடியில் கிடைக்கும் விலை இறங்குவதன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஊரிலிருந்து இளைஞர் நகருக்குப் போய்விட்டால், உழவுக்கும் அறுவடைக்கும் கூலியாள் அகப்படுவதில்லை. கையும் மாடும் செய்த வேலையை டிராக்டரும் அறுவடை யந்திரமும் செய்கின்றன. நகரத்தின் வளர்ச்சி வயலிலேயே டீசலை எரிக்கச் செய்கிறது. இது நகரத்துக் கணக்கில் எந்தப் புத்தகத்திலும் பதிவாவதில்லை.

4. நீர் ஏறும் செலவு

கிணற்றில் கயிறு கட்டி இறைத்த நீருக்கு ஆகும் சக்தி நம் தோளில் இருந்தது. பெருநகரமோ தன் எல்லைக்குள் கிடைக்கும் நீரைக் குடித்து முடித்துத் தொலைவிலுள்ள நீரைத் தேடுகிறது. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரி, சோழர் காலத்தில் வெட்டப்பட்டு, ஏறத்தாழ 45,000 ஏக்கருக்குப் பாசனம் தரும் ஏரி. 2004 முதல் அந்த ஏரியின் நீர், 200 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள குழாய் வழியே சென்னைக்குச் செல்கிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது அத்திட்டத்தின் அளவு. சுத்திகரித்துப் பம்பு செய்து மேட்டுக்கு ஏற்றிய பின்னரே அது நகரை நோக்கி ஓடும்.

அதுவும் போதாமல் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் 2010-இல் மீஞ்சூரிலும், 2013-இல் நெம்மேலியிலும் தொடங்கப்பட்டன. இவை ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும்படி அமைக்கப்பட்டவை. 2024-இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டருக்கு மற்றொரு நிலையம் திறக்கப்பட்டது. இம்முறையில் உப்பு நீரை மிகுந்த அழுத்தத்துடன் நுண்ணிய சவ்வின் ஊடே செலுத்த வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். மூன்றரை யூனிட் என்று கொண்டால், 10 கோடி லிட்டருக்கு நாளொன்றுக்கு மூன்றரை லட்சம் யூனிட். மாதம் 100 யூனிட் செலவிடும் குடும்பங்கள் ஒரு லட்சத்துக்குப் போதுமான மின்சாரம் இது. மழை நீரைத் தேக்க வேண்டிய ஏரிகளின் மேல் வீடுகளைக் கட்டிவிட்டு, அந்நீருக்குப் பதிலாக மின்சாரத்தைக் கொண்டு கடலைப் பிழிகிறோம் என்று சொன்னால் மிகையாகாது. ஏரியைத் தூர்க்காமல் காப்பதும் எரிசக்தி மிச்சமே என்பதை விவசாயிகள் உரக்கச் சொல்ல வேண்டும்.

5. கட்டடமும் போக்குவரத்தும்

மண்ணும் ஓலையும் கொண்டு கட்டிய வீடு சூளையை அறியாது. நகரத்து வீடு செங்கல், சிமெண்ட், இரும்பு ஆகிய மூன்றையும் வேண்டுகிறது. மூன்றும் நெருப்பில் பிறந்தவை. சுண்ணாம்புக் கல்லை 1,450 டிகிரி வெப்பத்துக்கு ஏற்றினால்தான் சிமெண்ட் கிடைக்கும். அரியலூரில் எரியும் அந்த நெருப்பு, சென்னையில் எழும் மாடிக்காக எரிகிறது.

கட்டி முடித்த பின்னும் செலவு நிற்பதில்லை. மரமும் குளமும் இல்லாத இடத்தில் பகலில் வெயிலை உண்ட கான்கிரீட், இரவில் அவ்வெப்பத்தைக் கக்குகிறது. குடியிருப்போர் குளிர்சாதனத்தை நாடுகின்றனர். ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டி ஒன்று, பழைய மின்விசிறிகள் 20-க்குச் சமமான மின்சாரத்தை இழுக்கிறது. அது வெளியே தள்ளும் சூடு அடுத்த வீட்டை மேலும் சுடுகிறது.

போக்குவரத்தில் நகரின் உருவமே செலவைத் தீர்மானிக்கிறது. 50 பேர் அமர்ந்த பேருந்து ஒரு லிட்டர் டீசலில் 4 கிலோமீட்டர் சென்றால், ஒருவரை 200 கிலோமீட்டர் கொண்டு சென்றதற்கு ஒப்பாகும். தனி ஒருவர் செல்லும் கார் அதே ஒரு லிட்டரில் ஏறத்தாழ 15 கிலோமீட்டரே செல்லும். சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-இலேயே மின்சார ரயில் ஓடியது. அந்தப் பாதையை ஒட்டி வளர்ந்த ஊர்களில் சிக்கனமான பயணம் சாத்தியமாயிற்று. ரயிலும் பேருந்தும் சேராத இடங்களில் மனைகள் பரவினால் ஆளுக்கொரு வண்டி வேண்டும். சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. காஞ்சிபுரம், ராணிப்பேட்டை மாவட்டங்களின் பகுதிகளும் அதனுள் வந்தன. அங்கே வயல்களின் நடுவே மனைகள் சிதறுமா, அல்லது ரயிலடியைச் சுற்றி நெருங்கி அமையுமா என்பது, அடுத்த 50 ஆண்டுகளுக்கு எரியப்போகும் டீசலின் அளவைக் குறிக்கும்.

6. துணியில் மறைந்திருக்கும் மின்சாரம்

நெசவாளர்க்கு உரிய பகுதி இது. ஒரு காலத்தில் நூல் நூற்றல், பாவு ஓட்டல், தார் சுற்றல், நெய்தல் ஆகிய யாவும் வீட்டிலும் வீதியிலும் மனித முயற்சியால் நடந்தன. நகரமும் ஆலையும் வளர்ந்தபோது இவ்வேலைகள் ஒவ்வொன்றாக வீட்டை விட்டு வெளியேறின. 1932-இல் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்ததும் அங்கே நூற்பாலைகள் பெருகின. ஆலைகளால் மக்கள் திரண்டனர். மக்கள் திரண்டதால் மின்தேவை மேலும் வளர்ந்தது. மின்சாரம் நகரை வளர்த்ததும், நகரம் மின்சாரத்தை வேண்டியதும் ஒன்றையொன்று தொடர்ந்தன.

கைத்தறித் துணி மின்சாரமே தொடாதது என்று நாம் பெருமையுடன் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. நெய்யும் வேலைக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. ஆனால் நமக்கு வரும் சிட்ட நூல் ஆலையில் நூற்றது. நாற்பதாம் நம்பர் நூல் ஒரு கிலோவுக்கு மூன்று, நான்கு யூனிட்டுக்குக் குறையாமல் ஆகும். சாயப்பட்டறையின் கொப்பரைக்கு விறகு வேண்டும். இவ்வுண்மையை மறைக்காமல் சொல்லிவிட்டு, நெசவில் மிச்சமாகும் பங்கைக் கணக்குடன் காட்டினால், வாங்குவோர் நம் சொல்லை நம்புவர். மின்கட்டணம் உயரும்போது நூல் விலை ஏன் உயர்கிறது என்பதும் இதனால் விளங்கும். 2023-இல் கைத்தறி நெசவாளருக்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட்டும், விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் இலவசம் என உயர்த்தப்பட்டது பெரும் உதவியே. எனினும் வீட்டு மீட்டரில் கிடைக்கும் இச்சலுகை, ஆலை மீட்டரில் ஏறி நூலாக வரும் செலவைத் தொடுவதில்லை.

7. பற்றாக்குறை வந்தபோது

வளர்ச்சிக்குத் தக்க உற்பத்தி இல்லையெனில் யார் துன்புறுவர் என்பதைத் தமிழ்நாடு 2008 முதல் சில ஆண்டுகள் கண்டது. 2012-இல் சென்னையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 2 மணி நேரம். பிற மாவட்டங்களிலோ 10 மணி நேரத்துக்கு மேலும் சில நாட்களில் நீடித்தது. விசைத்தறிகள் நின்றன, பம்பு செட்டுக்கு நள்ளிரவில் வந்த மின்சாரத்துக்காக விவசாயி வரப்பில் காத்திருந்தார். 1990 முதல் பாசனத்துக்கு மின்சாரம் இலவசம்தான். ஆனால் பயிர் வாடும் வேளையில் வராத மின்சாரம் இலவசமாய் இருந்து பயன் என்ன? இதனால் நாம் கற்க வேண்டியது ஒன்று: கட்டணம் எவ்வளவு என்பதோடு, எந்த நேரத்தில் யாருக்குக் கிடைக்கும் என்பதும் உரிமைப் பிரச்சினையே.

8. சங்கங்கள் செய்யத் தக்கவை

நகரம் வளர்வதைக் குற்றம் என்று நாம் கருதவில்லை. நம் துணியை உடுப்பவரும் நம் விளைவை உண்பவரும் அங்கேதான் இருக்கின்றனர். நம் பிள்ளைகளும் அங்கே வேலை தேடுகின்றனர். தூரத்தையும் வீணையும் குறைப்பதே நம் கையில் உள்ள வேலை.

முதலாவது, கூட்டு அனுப்புகை. தனித்தனிச் சிறு வண்டிகளுக்குப் பதில், சங்கம் சரக்கைச் சேர்த்து ஒரே லாரியில் அனுப்பி, திரும்பும்போது உரமோ நூலோ ஏற்றி வரச் செய்தால், மேலே கண்ட 27 லிட்டர் 10 லிட்டரை நெருங்கும். 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, பக்கத்து ஊர்க் காயைப் பக்கத்து நகருக்கே விற்கும் வழி. இயன்ற அளவு அதைப் பயன்படுத்துவது விவேகம்.

இரண்டாவது, வீணைத் தடுத்தல். பழைய மோட்டாரும், குறுகிய குழாயும், அடைத்த அடிவால்வும் பம்பு செட்டின் சக்தியை விழுங்குகின்றன. சாயப்பட்டறையில் கொப்பரையை மூடி வைப்பதும், அடுப்பைச் செம்மைப்படுத்துவதும், சூரிய வெப்பத்தால் நீரை முன்னரே சூடேற்றுவதும் விறகைக் குறைக்கும்.

மூன்றாவது, உற்பத்தியில் பங்கு. கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி, தன் தேவை போக எஞ்சிய மின்சாரத்தை விற்றது. குஜராத்தின் கேடா மாவட்டத்து துண்டி என்னும் சிற்றூரில் 6 விவசாயிகள் 2016-இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். சூரிய பம்புகளால் பாசனம் செய்து, பம்பு ஓடாத வேளையில் கிடைத்த மின்சாரத்தை மின் வினியோகக் கம்பெனிக்கு யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு விற்க ஒப்பந்தம் செய்துகொண்டனர். மின்சாரத்துக்கு விலை உண்டென்றால், தேவைக்கு மேல் நீரை இறைக்கும் ஆசை தானே அடங்கும். நம் சங்கக் கட்டடத்தின் கூரையும் கிடங்கின் கூரையும் வெயிலை வீணே தாங்கி நிற்கின்றன என்பதை நிர்வாகக் குழு நினைத்துப் பார்க்கட்டும்.

நான்காவது, பேசும் உரிமை. பெருநகர் எல்லை விரியும்போதும், ஏரி நிலம் மாற்றப்படும்போதும், வரைவுத் திட்டத்தின் மீது ஆட்சேபம் கூறக் காலம் தரப்படுகிறது. தனி ஒருவரின் மனுவைவிடச் சங்கத்தின் தீர்மானத்துக்கு எடை அதிகம். அந்தக் காலக்கெடு தவறிய பின் வருந்திப் பயனில்லை.

நகரத்தில் எரியும் விளக்கு ஒன்றின் பின்னே, ஏதோ ஓர் ஊரின் நீரோ நிலமோ உழைப்போ நிற்கிறது. அதன் கணக்கை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் நமக்காக எழுதமாட்டார்கள். அக்கணக்கை இம்மாதக் கூட்டத்திலேயே தொடங்குவோம்.

கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்து அங்கத்தினர்கள் சென்ற மாதம் நகரச் சந்தைக்கு எத்தனை வண்டிகள் அனுப்பினர்? அவற்றுள் எத்தனை பாதிச் சுமையுடன் சென்றன? எத்தனை வெறுமையாகத் திரும்பின?

2. சாயப்பட்டறையில் ஒரு கிலோ நூலுக்கு எவ்வளவு விறகு எரிகிறது? அதை அளந்து பதிவு செய்பவர் யார்?

3. நம் வட்டாரத்தில் கடந்த 20 ஆண்டுகளில் தூர்ந்துபோன அல்லது மனைகளாக மாறிய நீர்நிலைகள் எவை? அவற்றுக்குப் பதிலாக நீர் எங்கிருந்து, எந்தச் சக்தியைக் கொண்டு வருகிறது?

4. சங்கக் கூரையில் சூரிய மின்சாரம் அமைக்க ஆகும் செலவு, கடன், ஆண்டுக் கட்டண மிச்சம் ஆகியவற்றைக் கணக்கிட்டு அடுத்த கூட்டத்தில் வைக்க மூவர் குழு ஒன்றை அமைக்கலாமா?